‘எங்கிட்ட என்ன கதை இருக்கு?’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுபது வயதைக் கடந்த பெண் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் வாழ்க்கையை அவர் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள் என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். பலரும் தம் வீட்டுப் பெண்களைப் பற்றி மனம்விட்டு எழுதியிருப்பதால் பெயர்களை நீக்கி ஊர்களை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: என் ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது ஆகிறது. செல்பேசியை முன்னால் வைத்து, “உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க ஆச்சி” என்று கேட்டால், “எங்கிட்ட என்னட்டி கதை இருக்கு? ஆக்குனேன், பெத்தேன், வளத்தேன்” என்று முடித்துவிடுகிறார். எப்படித் தொடங்குவது?
கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: குறை ஆச்சியிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ‘வாழ்க்கை’ என்பதை ஒரு முழுப் பொருளாகக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம், தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசிப் பழகியவர்களுக்குத்தான் உண்டு. உங்கள் ஆச்சியிடம் இதுவரை ரேஷன் கடைக்காரரும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுபவரும் கேட்ட கேள்விகளைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே வாழ்க்கையைக் கேட்காமல் வீட்டைக் கேளுங்கள். அவர் பிறந்த வீட்டை ஒரு தாளில் நீங்களே தப்பும் தவறுமாக வரைந்து, பட்டாசல் (கூடம்) எது, அடுக்களை எது, அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்) எந்தப் பக்கம், வளவில் அடுத்த வாசல் யாருடையது என்று கேட்டால், அவர் உங்கள் படத்தைத் திருத்தத் தொடங்குவார். திருத்தும்போதே, ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மாதவிலக்கு நாட்களில் எங்கே படுத்தார்கள், மழை பெய்தால் எந்த மூலை ஒழுகியது என்பவையெல்லாம் கேட்காமலேயே வந்துவிடும்.

அடுத்ததாக வேலையைக் கேளுங்கள். பத்தமடையில் பாய் நெய்த ஒரு முதிய பெண்மணியிடம் நான் முதல் நாள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் “ஆமா”, “இல்ல” என்ற இரண்டே சொற்கள்தாம் பதிலாக வந்தன. எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு 1953இல் அந்த ஊர்ப் பாய் போனதைப் பத்தமடையில் சிறு பிள்ளையும் சொல்லும் என்பதால், நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அதை விட்டுவிட்டு, கோரையை எப்படிக் கீறுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்துபோய் ஒரு கைப்பிடிக் கோரையை எடுத்துவந்து, ஒன்றை நகத்தால் பிளந்து, பிளந்ததை மறுபடியும் பிளந்து காட்டினார். ஆற்றங்கரையில் கோரை அறுத்தது, வெயிலில் காயப்போட்டது, தண்ணீரில் ஊறவைத்தது, நூற்றிருபது இழைப் பாய்க்கும் நூற்றுநாற்பது இழைப் பாய்க்கும் கோரை எவ்வளவு மெலிய வேண்டும் என்பது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எத்தனை வயதில் இதைக் கற்றீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதிலில் அவருடைய படிப்பு நின்ற கதை இருந்தது. பாய் விற்ற பணம் யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு வந்த பதிலில் அவருடைய திருமண வாழ்க்கையே இருந்தது. அன்று இரண்டரை மணி நேரம் பேசினார். அரசிக்குப் போன பாயைப் பற்றி நான் மறுபடியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஒலிப்பதிவே வேண்டாம். ஆச்சியோடு உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் மாமியாரின் கதையைப் பதிவுசெய்கிறேன். எதைக் கேட்டாலும் ‘வெள்ளம் வந்த வருசம்’, ‘ஓட்டணா போன வருசம்’ என்றுதான் சொல்கிறார். ஆண்டுகளை எப்படிக் கணக்கிடுவது?
ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: அவர் ஆண்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்முடைய நாட்காட்டி வேறு, அவருடைய நாட்காட்டி வேறு என்பதைத் தவிர இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஓட்டணாவும் அரையணாவும் போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964 டிசம்பரில் வீசியது, நேரு இறந்தது அதே ஆண்டு மே மாதம். காமராசர் இறந்தது 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. தாமிரபரணி வெள்ளம் என்று சொன்னால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் 1992 நவம்பரில் வந்ததும் வெள்ளம், 2023 டிசம்பரில் வந்ததும் வெள்ளம், அதற்கு முன்னும் வந்திருக்கிறது. எந்த வெள்ளம் என்பதை, அப்போது இடுப்பில் எந்தப் பிள்ளை இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் வயது தாய்மாருக்கு ஒருபோதும் தப்பாது.

நம் பக்கத்துப் பழைய சாதகங்களிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவணி முதல் மார்கழி நடுவரை உள்ள தேதியானால் அதோடு 824ஐயும், ஆங்கில ஆண்டு பிறந்தபிறகு ஆடி வரை உள்ள தேதியானால் 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1140 என்று சாதகத்தில் இருந்தால், அந்தப் பிள்ளை 1964 ஆவணிக்கும் 1965 ஆடிக்கும் இடையில் பிறந்திருக்கிறது. தமிழ் வருடப் பெயரைச் சொன்னாலும் பயன் உண்டு என்றாலும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் ஒரு தலைமுறை தவறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமானால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன.

இந்தக் கணக்கையெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு போடுங்கள். அவர் பேசும்போது, “அத்தை, அது அறுபத்து நாலு இல்ல, அறுபத்தஞ்சு” என்று ஒருமுறை திருத்தினால் போதும், அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பரீட்சை எழுதுவதுபோலத்தான் பேசுவார்.

கேள்வி: என் அம்மாவிடம் கேள்வி கேட்டால் அப்பாவே பதில் சொல்லிவிடுகிறார். அம்மாவோ அப்பாவின் பெயரைக்கூடப் பதிவில் சொல்ல மறுக்கிறார்.
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வீரவநல்லூர்

பதில்: முதல் சிக்கலுக்கு நான் கண்ட ஒரே வழி, அப்பாவையும் தனியாக ஒருநாள் பேட்டி எடுத்துவிடுவதுதான். தன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்ற குறை தீர்ந்துவிட்டால், அம்மா பேசும் நேரத்தில் அவர் நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருவார். மகன்கள் இதைவிடச் சிரமம் தருவார்கள், நீங்களும் ஒரு மகன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில செய்திகளை அம்மா மகனிடம் சொல்லமாட்டார், மருமகளிடமும் சொல்லமாட்டார், பேத்தியிடம் சொல்லுவார். அந்தப் பகுதியைப் பேத்தியிடம் விட்டுவிடுவது நல்லது.

பெயர் சொல்லாமை வேறு. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரும் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. ‘எங்க வீட்ல உள்ளவாள்’, ‘பிள்ளையளுக்க அப்பா’, ‘அவுக’ என்று சமூகத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றுச் சொற்கள் உண்டு. கணவர் பெயரைக் கொண்ட கடவுளின் பெயரைக்கூடச் சொல்லாமல், ‘மலை மேல இருக்காரே, அவரு’ என்று முருகனைக் குறிப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பேரனுக்கும் அதே பெயர் என்பதால் அவனை வாழ்நாள் முழுவதும் ‘ராசா’ என்றே கூப்பிட்டிருக்கிறார். பெயரை நீங்கள் பதிவின் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, அவர் எப்படிக் குறிப்பிடுகிறாரோ அப்படியே விட்டுவிடுங்கள். எழுத்தில் பெயர்க்கும்போதும் ‘அவுக’ என்ற இடத்தில் பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள்.

கேள்வி: அம்மா பீடி சுற்றும் தொழிலாளி. சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னால் அன்றைய கணக்குக் குறைகிறது. சுற்றிக்கொண்டே பேசினால் பதிவில் கத்தரிச் சத்தம்தான் கேட்கிறது. என்ன செய்ய?
பீடித் தொழிலாளியின் மகள், ஆலங்குளம் அருகிலிருந்து

பதில்: அவர் சுற்றட்டும். உங்கள் அம்மாவின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு என்பதை உணர்ந்து கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்களில் பலர் இதை உணர்வதில்லை. கை வேலையில் இருக்கும்போது பெண்கள் கூடுதலாகப் பேசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் செய்தியை, மடியில் இருக்கும் சுளவை (முறத்தை) பார்த்துக்கொண்டு சொல்லிவிட முடிகிறது. கத்தரிச் சத்தமும் வரலாற்றில் ஒரு பகுதிதான். இலை வெட்டும் வேகம் ஓரிடத்தில் தளர்ந்து, நின்று, மறுபடி தொடங்குவதை ஒலிப்பதிவில் கேட்கலாம், அந்த இடத்தில் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று பாருங்கள்.

சத்தத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. செல்பேசியைத் தரையிலோ சுளவின் பக்கத்திலோ வைக்காமல், அவர் தோள் உயரத்துக்கு ஒரு முக்காலியில் துண்டை மடித்துப் போட்டு, வாயிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாதபடி வையுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக் கிடைத்தால் இன்னும் நல்லது. அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் இருக்க விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் ஒரு வீட்டில் விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு நான் எடுத்த ஒன்றேமுக்கால் மணி நேரப் பதிவில், இன்றைக்கும் விசிறிதான் பேசுகிறது. அந்த அம்மா மறுமாதம் இறந்துபோனார்.

கேள்வி: பாட்டிகள் சொல்லும் பழங்கதைகளை வரலாறு என்று அழைப்பது மிகையல்லவா? நினைவு பிசகும், மிகைப்படுத்தும். ஆவணம் அப்படியல்ல.
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: நினைவு பிசகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஆவணம் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா லேஸ் பின்னும் தொழிலைக் கொண்டுவந்தார் என்பது எழுத்தில் இருக்கிறது. அவருடைய தாயார் மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் அதைக் கற்பித்தார் என்பதும் இருக்கிறது. கற்றுக்கொண்டு தலைமுறை தலைமுறையாக விளக்கு வெளிச்சத்தில் கண் மங்கும்வரை பின்னிய பெண்கள் எத்தனை பேர், கூலி என்ன வாங்கினார்கள், அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதை அந்த எழுத்துகளிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? அந்தப் பெண்களின் பேத்திமார்களிடம் இன்றும் கேட்கலாம்.

நினைவுகளைப் பேசவைத்துப் பதிவுசெய்யும் வாய்மொழி வரலாற்றுத் துறையும் தொடக்கத்தில் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. 1948இல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கியபோது, பெரும்பாலும் பதவியில் இருந்த ஆண்களின் நினைவுகளைத்தான் பதிவுசெய்தார்கள். பெண்களின் பக்கம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில், 1940களில் நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் இருந்த பெண்களை ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் குழுவினர் தேடிப்போய்ப் பேசவைத்தார்கள். 1988இல் எழுத்தாளர் அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் மும்பையில் பெண்களுக்கென ‘ஸ்பாரோ’ என்ற ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்தை நிறுவினார்கள். ஆவணமும் நினைவும் முரண்படும் இடத்தில் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடாமல், ஏன் முரண்படுகின்றன என்று கேட்பதுதான் இவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்ட முறை. பதிவேட்டில் மணப்பெண்ணின் வயது பதினெட்டு என்றும், அவர் வாயில் பதிநாலு என்றும் இருந்தால், நான் வாயைத்தான் நம்புவேன். தாங்களும் நம்புவீர்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பேட்டியின் நடுவில் ஒரு பெரியம்மா, நாற்பது ஆண்டுகளாக யாருக்கும் சொல்லாத ஒரு கொடுமையைச் சொல்லி அழுதுவிட்டார். சொன்னவர் இன்றும் உறவினர் நடுவில்தான் வாழ்கிறார். இது ஆய்வேட்டுக்கு மிக முக்கியமான பகுதி. பயன்படுத்தலாமா?
ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆய்வேட்டுக்கு முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பேச்சு உங்களுடையது அல்ல என்பதிலும் ஐயமில்லை.

பேட்டி தொடங்கும் முன் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். என்ன சொல்லப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது, ஆகவே அந்தக் கையெழுத்து இந்தப் பகுதிக்குச் செல்லாது என்றே நான் கருதுகிறேன். சில நாள் கழித்து, பதிவுக்கருவி இல்லாமல், அவரைத் தனியாகப் பாருங்கள். நீங்கள் சொன்னதில் இந்தப் பகுதி இருக்கிறது, இதை என்ன செய்யட்டும் என்று நேராகக் கேளுங்கள். அழித்துவிடலாம், அவர் காலத்துக்குப் பிறகு மட்டும் திறக்கலாம், பெயரும் ஊரும் இல்லாமல் எழுதலாம், அப்படியே எழுதலாம் என்ற நான்கு வழிகளையும் அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட்டு, அன்றே பதில் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். நம் ஊர்களில் தெருவையும் சாதியையும் சொல்லி, இரண்டு பிள்ளை பெற்று ஒன்றை இழந்தவர் என்று எழுதினால், அந்த ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படாது.

அழும்போது என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதிவை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவராகத் தொடர்ந்தால் தொடரட்டும். அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடவும் கூடாது. சாப்பாடு, பேரப்பிள்ளை, சந்தை விலை என்று அன்றாடப் பேச்சுக்கு அவர் திரும்பிய பிறகே விடைபெறுங்கள்.

கேள்வி: எழுத்தில் பெயர்க்கும்போது பேச்சு வழக்கைத் திருத்தலாமா?
வாசகர், தென்காசி

பதில்: ‘சொல்லுதேன்’ என்பதைச் ‘சொல்கிறேன்’ என்று மாற்றினால் பொருள் மாறாது, ஆள் மாறிவிடுவார். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் என்பதால் சோர்வில் கை தானாகவே நல்ல தமிழுக்குப் போகும், கவனம் தேவை. வெளியூர் வாசகருக்கு விளங்காத சொல்லுக்கு அடிக்குறிப்புப் போடலாம்.

கேள்வி: அம்மா நாலுமுக்குத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இப்போது மலையிலிருந்து இறங்கிவந்து உறவினர் வீட்டில் இருக்கிறோம். எதையெல்லாம் பதிவுசெய்ய வேண்டும்?
வாசகர், மணிமுத்தாறு அருகிலிருந்து

பதில்: உங்கள் வேலையை முதலில் தொடங்குங்கள், மற்றவர்கள் காத்திருக்கலாம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த அந்த மலையில், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற ஐந்து குடியிருப்புகளில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 2024இல் வேலை நின்றபிறகு அந்த மக்களில் பலர் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். வெளியுலகம் அவர்களை நினைப்பதெல்லாம் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடந்தபோது பதினேழு பேர் இறந்ததை வைத்துத்தான். அதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) எத்தனை பேர் படுத்தார்கள், எடை போடும் இடத்தில் வரிசை எப்படி நின்றது, அட்டைக்கு என்ன தடவினார்கள், பிரசவ வலி வந்தால் மலையிலிருந்து எப்படி இறக்கினார்கள், கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்து லயத்தில் இருந்த தோழி ஒருவரையும் அழைத்து உட்காரவைத்துவிடுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார், நீங்கள் சும்மா இருந்தாலே போதும்.

கேள்வி: பதிவை அவருக்கே போட்டுக் காட்ட வேண்டுமா?
வாசகி, கடையம்

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும். மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்வார்கள், அதில் ஒன்று அவர் வீட்டில், அவர் வீட்டார் ஓட்டிக் கேட்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். சேரன்மகாதேவியில் ஓர் ஆச்சிக்கு அவருடைய பதிவைப் போட்டுக் காட்டினேன். முதலில், “இது ஆரு, எங்க அம்மை பேசுத மாதில்லா இருக்கு” என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும், “கூடப் பிறந்தவங்க நாலு பேருன்னு சொல்லிருக்கேன், அது தப்பு. அஞ்சு. திரும்பப் போடு அந்த மிசினை” என்றார். ஏழு வயதில் கிணற்றில் விழுந்து இறந்துபோன தங்கையின் பெயர் அந்த இரண்டாம் பதிவில்தான் இருக்கிறது.